டாமி இளைக்கப் பச்சைக் கறிதான் மருந்தா?



மதுரை அண்ணா நகரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவர் வீட்டு லாப்ரடார் நாய் டாமிக்கு வயது நாலு. எடை 39 கிலோ! "நாலு படி ஏறினால் உட்கார்ந்து விடுகிறான். ராத்திரியெல்லாம் மூச்சு இரைக்கிறது. மாட்டு டாக்டரிடம் காட்டினோம். ஒன்பது கிலோ குறைக்கணும் என்றார். என் கொழுந்தன் யூடியூபில் பார்த்துவிட்டு, 'அண்ணி, சோத்தை நிறுத்துங்க. பச்சைக் கறியும் எலும்பும் போடுங்க. ஒரே மாசத்துல ஒல்லியாயிடுவான்' என்கிறார். வீட்டில் பத்து மாதக் குழந்தை தவழ்கிறது. போடலாமா?" என்று கேட்கிறார்.

இதே கேள்வி இன்னும் பல வீடுகளில் இருக்கும். அதனால் இந்த இதழ் முழுவதும் டாமிக்கே!

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். குழந்தை தவழ்கிற வீட்டில் பச்சைக் கறி வேண்டாம். கறி போடுங்கள், ஆனால் வேக வைத்துப் போடுங்கள். சோற்றை அடியோடு நிறுத்தவும் வேண்டாம்; அளந்து போடுங்கள். டாமியை இளைக்க வைக்கப் போவது பச்சைக் கறி அல்ல, அளவுதான். ஏன் என்று பார்ப்போம்.

குண்டு என்று எப்படித் தெரியும்?

நம் ஊரில் "கொழுகொழுன்னு இருக்கான்" என்பது பாராட்டு. குழந்தையானாலும் சரி, நாயானாலும் சரி! ஆனால் நாயின் உடம்புக்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. உங்கள் கையை மேஜை மேல் விரித்து, புறங்கையை மறு கை விரலால் தடவிப் பாருங்கள். எலும்பு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரிகிறது அல்லவா? நாயின் விலாவைத் தடவினால் அப்படித் தெரிய வேண்டும். கையை முஷ்டியாக மடக்கிக் கணுவைத் தடவுவது போல முண்டும் முடிச்சுமாக இருந்தால் இளைப்பு. உள்ளங்கையின் சதைப்பகுதியைத் தொடுவது போல மெத்தென்று இருந்து, அழுத்தினால்தான் எலும்பு தட்டுகிறது என்றால் குண்டு. இன்னொன்று: நின்றபடி மேலிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின்னால் இடுப்பு உள்வாங்க வேண்டும். உரல் மாதிரி ஒரே அகலமாக இருந்தால் கவனிக்கணும்.

ஒரு விஷயம். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி முதலிய நம் பக்கத்து நாய்களை வளர்ப்பவர்கள் குழம்ப வேண்டாம். ஓட்டத்துக்கென்றே பிறந்த சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் விலா எலும்பு இரண்டு மூன்று வெளியே தெரிவதுதான் லட்சணம். "எலும்பும் தோலுமா இருக்கே" என்று இரக்கப்பட்டு அதைக் கொழுக்க வைத்துவிடாதீர்கள்.

இரண்டு வருஷ ஆயுள்

"குண்டா இருந்தா இருந்துட்டுப் போகட்டுமே, வீட்டு நாய்தானே" என்று சிலர் நினைக்கலாம். அமெரிக்காவில் பியூரினா என்ற நாய்த்தீனிக் கம்பெனியார் 48 லாப்ரடார் குட்டிகளை 24 ஜோடியாகப் பிரித்து, ஆயுள் முழுவதும் கவனித்தார்கள். ஜோடியில் ஒன்றுக்குத் தாராளமான தீனி. மற்றதற்கு அதே தீனியில் கால் பங்கு குறைவு. வித்தியாசம் அவ்வளவுதான். முடிவு 2002-ல் வெளியானது. தாராளமாகத் தின்றவற்றின் நடு ஆயுள் 11.2 வருஷம், அளவாகத் தின்றவற்றுக்கு 13 வருஷம். கிட்டத்தட்ட இரண்டு வருஷம் அதிகம்! மூட்டு வாதம் வந்ததும் அவற்றுக்குத் தாமதமாகத்தான்.

மதுரை வெயிலையும் இதோடு சேர்த்துக் கொள்ளுங்கள். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. மேலே கொழுப்புப் போர்வை வேறு என்றால், சித்திரை, வைகாசியில் அதன் பாடு என்னவாகும்? குண்டு நாய்க்கு வெப்ப மயக்கம் சீக்கிரம் வரும். உயிருக்கே ஆபத்து.

நாய் ஓநாய் இல்லை

பச்சைக் கறி யோசனை எங்கிருந்து வந்தது? ஆஸ்திரேலியாவில் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் என்ற கால்நடை டாக்டர் 1993-ல் எழுதிய புத்தகத்திலிருந்துதான் இது பெரிதாகப் பரவியது. நாயின் முன்னோர் காட்டில் பச்சைக் கறியும் எலும்பும்தானே தின்றன, அதையே கொடுப்போம் என்பது அவர் வாதம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாய் மனிதனோடு வந்து ஆயிரக்கணக்கான வருஷங்கள் ஆகிவிட்டன. நம் வீட்டுச் சோற்றைத் தின்று அதன் உடம்பும் மாறிவிட்டது. 2013-ல் சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள் நாயையும் ஓநாயையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மாவுச்சத்தைச் செரிக்க வைக்கும் மரபணு, ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு அதிகம் இருந்தது. ஆகவே சோறு நாய்க்கு விஷம் இல்லை. தென் மாவட்டத்துக் கிராமங்களில் கூழும் கஞ்சியும் குடித்து முயல் விரட்டிய நாய்கள் எத்தனையோ!

"அப்படியானால் பச்சைக் கறி போட்ட பக்கத்து வீட்டு நாய் இளைத்ததே?" என்பீர்கள். இளைத்திருக்கும். கறிக்கு மாறிய அன்றே அந்த வீட்டில் பிஸ்கட், பால், சப்பாத்தி, மிச்சச் சோறு எல்லாம் நின்றிருக்கும். கறியையும் நிறுத்துப் போட்டிருப்பார்கள். இளைத்தது அதனால். அதே கறியை வேக வைத்து அதே அளவு போட்டிருந்தாலும் இளைத்திருக்கும்.

நிறுக்காமல் போட்டால் பச்சைக் கறியும் கொழுக்க வைக்கும். கோழிக் கடையில் மலிவாகக் கிடைப்பது தோலோடு கழுத்து. அதில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 300 கலோரி. தோலை உரித்துவிட்டால் பாதிதான். அதே 100 கிராம் சோற்றில் 130 கலோரி. கொழுப்பு எங்கே அதிகம் என்று நீங்களே பாருங்கள்.

குழந்தை இருக்கிற வீட்டில்...

அமெரிக்க அரசின் உணவு மருந்துத் துறை, 2010-லிருந்து 2012 வரை விற்பனையாகும் 196 பச்சை நாய், பூனைத் தீனி மாதிரிகளைச் சோதித்தது. 15-ல் சால்மோனெல்லா கிருமியும், 32-ல் லிஸ்டீரியா கிருமியும் இருந்தன. சால்மோனெல்லா கடும் பேதியும் ஜுரமும் கொடுக்கும். லிஸ்டீரியா கர்ப்பிணிகளுக்கு ஆகவே ஆகாது. கரு கலையக்கூடக் காரணமாகலாம். அமெரிக்கக் கால்நடை டாக்டர்கள் சங்கமே பச்சைக் கறி வேண்டாம் என்று 2012-ல் சொல்லிவிட்டது.

நாய் சுகமாகத்தான் இருக்கும். அதன் வயிறு பல கிருமிகளைத் தாங்கும். ஆனால் அதே கிருமி அதன் வாயிலும், மலத்திலும், தட்டிலும், தரையிலும் இருக்கும். டாமி குழந்தையின் முகத்தை நக்குவான். குழந்தை தரையில் கை வைத்து வாயில் வைக்கும். இது போதாதா? ஃப்ரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்று நினைக்காதீர்கள். அது தூங்கும், சாகாது. வெளியே எடுத்து நம் ஊர் உக்கிரத்தில் ஒரு மணி நேரம் வைத்தால் மறுபடி பெருகும்.

ஆட்டுக் குடல், ஈரல், நுரையீரல் இவற்றைக் கசாப்புக் கடையில் நாய்க்கென்று கேட்டு வாங்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. இதைப் பச்சையாகப் போடவே கூடாது. ஆட்டின் ஈரலிலோ நுரையீரலிலோ நீர்க்கட்டி இருந்து, அதை நாய் பச்சையாகத் தின்றால், நாயின் குடலில் ஒரு சின்ன நாடாப்புழு வளரும். அதன் முட்டை மலத்தோடு வெளியே வந்து, ஒட்டிக்கொண்ட கை வழியாக நம் வயிற்றுக்குள் போனால், நமக்கும் ஈரலில், நுரையீரலில் கட்டி வளரும். வருஷக்கணக்கில் வெளியே தெரியாது. தெரியும்போது ஆபரேஷன் வரை போகும். நன்றாக வேக வைத்துவிட்டால் இந்தப் பயம் இல்லை. டாக்டர் சொல்லும் இடைவெளியில் பூச்சி மருந்தும் தவறாமல் கொடுங்கள்.

எலும்பு விஷயம் நேர் எதிர். வெந்த எலும்பு ஊசி ஊசியாக உடைந்து தொண்டையையும் குடலையும் குத்தும். பாண்டி கோயில் கிடா விருந்துக்குப் போய்விட்டு, "டாமிக்கு ஆகும்" என்று எலும்பைப் பொட்டலம் கட்டி வருவது பாசம்தான், ஆனால் ஆபத்து. பச்சை எலும்பும் பல்லை உடைக்கும், குடலை அடைக்கும். எலும்பே வேண்டாம்.

டாமி என்ன தின்கிறான்?

சகோதரி ஒளிக்காமல் பட்டியல் அனுப்பியிருக்கிறார். அவருக்கு என் பாராட்டு! காலையில் ஒரு தம்ளர் பால், சுமார் 130 கலோரி. நாள் முழுக்கக் கைக்குக் கை மேரி பிஸ்கட் எட்டு, 200. மத்தியானம் அரைக் கிலோ சோறு, 650. அதில் கோழித் தோல் 150 கிராம், சுமார் 500. ராத்திரி சப்பாத்தி இரண்டு, 220. மொத்தம் 1700.

தேவை எவ்வளவு? டாமி இருக்க வேண்டிய எடை 30 கிலோ. அந்த எடைக்கு, ஓடாமல் ஆடாமல் கிடந்தாலும் உடம்பு செலவழிக்கும் கணக்கு ஒரு நாளைக்குச் சுமார் 900 கலோரி. இளைக்க வேண்டிய நாய்க்கு இதிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். ஆக, டாமி இரண்டு நாய் சாப்பாட்டை ஒருவனாகச் சாப்பிடுகிறான்!

900 கலோரிக்கு ஒரு நாள் சாப்பாடு இதோ:

தோலும் எலும்பும் நீக்கிய கோழிக் கறி 300 கிராம் (வேக வைக்குமுன் நிறுத்தது) - 360 கலோரி.
சோறு 200 கிராம் - 260.
பூசணி, பீன்ஸ், கேரட், சுரைக்காய் கலந்து வேக வைத்தது 250 கிராம் - சுமார் 75.
வேக வைத்த முட்டை ஒன்று - 75.
புளிக்காத தயிர் 100 கிராம் - 60.

கூட்டினால் 830. மிச்சம் 70 கலோரி இடையில் கொடுக்கும் நொறுக்குத் தீனிக்கு. வெள்ளரிக்காய், கேரட் துண்டு கொடுங்கள். கறுக்கு முறுக்கென்று கடிப்பதில் அதுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று பாருங்கள்.

செய்முறை சுலபம். கறியைத் தண்ணீரில் உப்பு, மிளகாய், எண்ணெய் இல்லாமல் வேக வையுங்கள். ஆறியதும் மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு, அந்தத் தண்ணீரிலேயே சோறும் காயும் பிசைந்து, இரண்டு வேளையாகப் பிரித்துப் போடுங்கள். காய் அதிகம் சேர்ப்பது வயிறு நிரம்புவதற்காக. வெங்காயம், பூண்டு ஒரு துணுக்குகூடக் கூடாது. அவை நாயின் ரத்தத்தைக் கெடுக்கும். நம் குழம்பை ஊற்றக் கூடாது என்பது இதனால்தான். திராட்சை, கிஸ்மிஸ், சாக்லேட், சர்க்கரையில்லாத இனிப்புப் பண்டங்கள் எதுவும் ஆகாது. பாயசத்திலும் கேசரியிலும் கிஸ்மிஸ் இருக்கும், ஞாபகம் வையுங்கள்.

முக்கியமான எச்சரிக்கை. கறியில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. மாதக்கணக்கில் இதையே கொடுத்தால் எலும்பு பலவீனப்படும். எலும்பும் போடக்கூடாது என்றுவிட்டோம். ஆகவே கால்சியம், தாது உப்பு, வைட்டமின் என்ன, எவ்வளவு சேர்ப்பது என்று கால்நடை டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். வளரும் குட்டிக்கும், சினை நாய்க்கும், பால் கொடுக்கும் நாய்க்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

ஆரம்பிக்குமுன் ஒரு தடவை முழுப் பரிசோதனை செய்துவிடுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் நாய் பெருக்கும். ஸ்டீராய்டு மாத்திரையாலும் பெருக்கும். மதுரைக்காரர்களுக்குத் தல்லாகுளம் அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது. புதிய சாப்பாட்டை ஒரே நாளில் மாற்றாமல், ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். இல்லாவிட்டால் பேதியாகும்.

ஒரே டப்பா

கணக்கு சுலபம். வீட்டு ஜனங்களைச் சமாளிப்பதுதான் கஷ்டம்! நீங்கள் 900 கலோரி நிறுத்துப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் போவீர்கள். இந்தப் பக்கம் அத்தை, "ஏத்தா, வாயில்லா சீவன் பார்த்துக்கிட்டே நிக்குது. ஒண்ணே ஒண்ணுதானே!" என்று பிஸ்கட் போடுவார். மாமா முறுக்கில் பாதி கொடுப்பார். பிள்ளைகள் பிடிக்காத இட்லியை மேஜைக்கடியில் தள்ளும். எல்லாருக்கும் அது ஒண்ணே ஒண்ணுதான். டாமிக்கு மட்டும் அது ஆறு.

இதற்காக யாரோடும் சண்டை வேண்டாம். காலையில் அன்றைய கேரட், வெள்ளரித் துண்டு எல்லாவற்றையும் ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு, அத்தை கையிலேயே கொடுத்துவிடுங்கள். "டாமிக்கு யார் என்ன கொடுத்தாலும் இதிலிருந்துதான். டப்பா காலியானால் நாளைக்குத்தான். நீங்கதான் பொறுப்பு" என்று சொல்லுங்கள். கொடுக்கிற சந்தோஷம் அவருக்கு இருக்கும். உங்கள் கணக்கும் தப்பாது. பிஸ்கட் டின் மட்டும் மேல் அலமாரிக்குப் போகட்டும்.

டாமி சும்மா இருக்கமாட்டான். நீங்கள் சாப்பிடும்போது பக்கத்தில் வந்து, பத்து நாள் பட்டினி கிடந்தவன் மாதிரி பார்ப்பான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் 2016-ல் கண்டுபிடித்தபடி, லாப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குப் பசியை அடக்கும் மரபணு ஒன்றில் குறை இருக்கிறது. சாப்பிட்டு முடித்தாலும் போதும் என்ற நினைப்பு அதற்கு வருவதில்லை. அந்தப் பார்வைக்குச் சாப்பாட்டால் பதில் சொல்லாதீர்கள். தலையைத் தடவுங்கள், பந்து எறியுங்கள், ஐந்து நிமிஷம் பக்கத்தில் உட்காருங்கள். நாய்க்கு அதுவும் வேண்டும்.

நடையும் எடையும்

நடை அவசியம். ஆனால் குண்டு நாயை முதல் நாளே ஓட வைக்காதீர்கள், மூட்டு தாங்காது. முதல் வாரம் காலை பத்து நிமிஷம், மாலை பத்து நிமிஷம். பிறகு வாரத்துக்கு ஐந்து நிமிஷம் கூட்டுங்கள். பங்குனி தொடங்கி ஆனி வரை காலை ஆறு மணிக்குள் முடித்துவிடுங்கள். மாலையில் இருட்டிய பிறகு போங்கள். தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஏழு எண்ணும் வரை உங்களால் பொறுக்க முடியாவிட்டால், அதன் பாதமும் பொறுக்காது. குடிக்கத் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். அதற்கு மட்டும் அளவே வேண்டாம்.

எடையை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பாருங்கள். இந்தப் பத்திரிகை வருகிற நாளையே வைத்துக்கொள்ளுங்களேன், மறக்காது! 39 கிலோ நாயைத் தூக்கிக்கொண்டு வீட்டுத் தராசில் ஏற முடியாது. டாக்டரிடம் தராசு இருக்கும். அல்லது தெரிந்த அரிசிக் கடையில் மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றிவிடுங்கள். காலண்டரிலேயே குறித்து வையுங்கள்.

வாரத்துக்கு உடம்பு எடையில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை குறையலாம். டாமிக்கு அது 400 கிராமிலிருந்து 800 கிராம் வரை. அதைவிட வேகமாகக் குறைந்தால் சாப்பாட்டைக் கொஞ்சம் கூட்டுங்கள். ஒரு மாதமாகியும் அசையவில்லை என்றால், முதலில் வீட்டில் ரகசியமாகக் கொடுக்கிறவர் யார் என்று விசாரியுங்கள்! யாரும் இல்லையென்றால் டாக்டரைக் கேட்டுப் பத்தில் ஒரு பங்கு குறைக்கலாம். இரண்டு வேளை தொடர்ந்து சாப்பிடவே இல்லை, வாந்தி எடுக்கிறது, சோர்ந்து படுத்துவிட்டது என்றால் அது இளைப்பு இல்லை, வியாதி. உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

கொழுந்தனார் சொன்ன ஒரே மாசம் நடக்காது. ஒன்பது கிலோ குறைய ஐந்து ஆறு மாதம் ஆகும். ஒரு கிலோ இரண்டு கிலோ குறைந்ததுமே நடையில் வித்தியாசம் தெரியும். மூச்சு இரைப்பு குறையும். 30 கிலோவை எட்டிய பிறகு சாப்பாட்டைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் தராசும் டப்பாவும் போகக் கூடாது.

உங்கள் வீட்டு நாயின் வயது, எடை, ஒரு நாள் சாப்பாட்டுப் பட்டியல் மூன்றையும் எழுதி அனுப்புங்கள். பட்டியலில் எதையும் ஒளிக்காதீர்கள், முறுக்கு உள்பட! அடுத்த இதழில், முதல் முறையாகக் குட்டி வாங்குகிறவர்கள் போட வேண்டிய தடுப்பூசிகளைப் பற்றிப் பார்ப்போம்.